கியூபாவின் சர்க்கரைக் கணக்கு – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

சோவியத் கால வணிகம் பற்றி நீங்கள் முன்பு எழுதிய ஒரு குறிப்பில், 'கியூபா சோவியத்தின் செலவில் வாழ்ந்தது என்பது பாதிதான் உண்மை' என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்தது. மறுபாதியை எழுதவில்லை. அந்த ஒரு வரியை வைத்து எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது.

என் பெரியப்பா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்து ஆள். 1992இல் கியூபாவுக்குக் கோதுமை அனுப்பக் கட்சி நிதி திரட்டியபோது உண்டியல் குலுக்கியவர். சோவியத் கியூபாவுக்குச் செய்தது வியாபாரமே இல்லை, அது தோழமை, லாபம் பார்க்காமல் கொடுத்தார்கள் என்பது அவர் வாதம். என் தம்பி பொருளாதாரம் படிக்கிறான். கியூபா ஒரு கைப்பாவை, சர்க்கரைக்குப் பத்து மடங்கு விலை கொடுத்து அதை வைத்திருந்தார்கள், அங்கோலாவுக்குப் போ என்றால் போனார்கள், காசு நின்றதும் விழுந்தார்கள் என்கிறான் அவன். 'அமெரிக்கா எழுந்துபோன நாற்காலியில் ரஷ்யா வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்' என்றும் சொன்னான். பெரியப்பா இரண்டு நாள் அவனிடம் பேசவில்லை.

அந்தப் பத்து மடங்கு விலை உண்மையா? உண்மையென்றால் சோவியத் ஏன் கொடுத்தது? அங்கோலா போர் மாஸ்கோவின் உத்தரவா? கடைசியில் அந்தக் கடனெல்லாம் என்ன ஆயிற்று? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் தம்பியின் பத்து மடங்கிலிருந்தே தொடங்குகிறேன். எண் ஏறத்தாழ சரிதான். 1985இல் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு சர்க்கரையின் சராசரி விலை 4 சென்ட். அதே ஆண்டில் சோவியத் கியூபாவுக்குக் கொடுத்ததை அன்றைய அதிகாரபூர்வ ரூபிள் மதிப்பில் டாலராக்கினால் 40 சென்ட்டைத் தொடும். ஆனால் இந்த இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுத்துவிடக் கூடாது.

முதலில் அந்த ரூபிளைப் பாருங்கள். அதை வைத்து டோக்கியோவிலோ ரோமிலோ ஒரு திருகாணிகூட வாங்க முடியாது. சோவியத்திலும் அதன் கூட்டாளி நாடுகளிலும் மட்டுமே செல்லுபடியாகும் கணக்குப் பணம் அது. அதைக் கொண்டு கியூபா வாங்கியவை கிராஸ் லாரி, லாடா கார், ஔரிக்கா சலவை இயந்திரம், டின்னில் அடைத்த இறைச்சி போன்றவை. அவற்றின் விலையும் மாஸ்கோ வைத்த விலைதான். சர்க்கரைக்கு ஏற்றிக் கொடுத்ததில் ஒரு பங்கு லாரி விலையில் திரும்பிப் போயிற்று. எவ்வளவு திரும்பிப் போயிற்று என்பதில் பொருளாதார அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒப்புதல் இல்லை.

அடுத்தது 'உலகச் சந்தை விலை'. சர்க்கரையைப் பொறுத்தவரை இந்தப் பெயருக்கு அவ்வளவு கனம் கிடையாது. உலகில் உற்பத்தியாகும் சர்க்கரையில் பெரும்பகுதி அந்தந்த நாட்டிலேயே செலவாகிவிடும். மீதியில் ஒரு கணிசமான பகுதி முன்கூட்டிப் பேசிய ஒப்பந்த விலையில் கைமாறும். இரண்டிலும் இடம் கிடைக்காமல் ஒதுங்கிய சரக்குக்குக் கிடைத்த விலைதான் அந்த 4 சென்ட். அதே 1985இல் அமெரிக்கா இறக்குமதி ஒதுக்கீடு போட்டுத் தன் உள்நாட்டுச் சர்க்கரை விலையை 20 சென்ட்டுக்கு மேலே நிறுத்தி வைத்திருந்தது. சோவியத்தின் சொந்தச் சர்க்கரை பெரும்பாலும் உக்ரைனின் பீட்கிழங்கிலிருந்து வந்தது. அதுவும் மலிவான சரக்கில்லை.

இன்னொன்றும் உண்டு. 1974 நவம்பரில் உலகச் சந்தை விலை பவுண்டுக்கு 60 சென்ட்டைத் தாண்டியது. சோவியத் அப்போது கொடுத்துவந்தது அதில் பாதிகூட இல்லை. கியூபா ஒப்பந்தப்படி கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஆண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், கியூபா என்ற சின்னத் தீவு சோவியத் வல்லரசுக்கு மானியம் கொடுத்தது என்று விடை வரும்! 1985ஐ மட்டும் தனியே எடுத்துக் காட்டுகிறவர்களிடம் நான் 1974ஐக் காட்டுவது வழக்கம்.

இதையெல்லாம் கழித்த பிறகும், முப்பது ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், சோவியத் கொடுத்தது வாங்கியதைவிட நிச்சயமாக அதிகம். உங்கள் தம்பிக்கு அவ்வளவு தூரம் நான் உடன்படுகிறேன். அதிகம் கொடுத்தவன் சொன்னதையெல்லாம் வாங்கியவன் கேட்டான் என்று அவன் அடுத்த அடி வைக்கிறான் பாருங்கள், அங்கேதான் பிரிகிறேன். பெரியப்பாவின் 'லாபம் பார்க்காத தோழமை'யும் தொடக்க ஆண்டுகளுக்குப் பொருந்தாது.

1960 பிப்ரவரியில் சோவியத் துணைப் பிரதமர் அனஸ்தாஸ் மிக்கோயான் ஒரு பொருட்காட்சியைத் திறந்துவைக்க ஹவானா வந்தார். போகும்போது ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த ஆண்டு 4.25 லட்சம் டன் சர்க்கரை, அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டன். ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் டாலர், மீதிக்குச் சரக்கு. 2.5 சதவீத வட்டியில் 10 கோடி டாலர் கடன். சர்க்கரைக்கு விலை? உலகச் சந்தை விலைதான். அமெரிக்கா தன் ஒதுக்கீட்டுச் சர்க்கரைக்குக் கியூபாவுக்குக் கொடுத்துவந்தது அதைவிட அதிகம். ஆக, முதல் ஒப்பந்தத்தில் மாஸ்கோ வாஷிங்டனைவிடக் கறாரான வியாபாரி.

அந்த வியாபாரியைப் புரவலராக மாற்றியதில் பெரிய பங்கு அமெரிக்காவுக்கு உண்டு. அந்தக் கோடையில் சோவியத்தின் கச்சா எண்ணெய் வந்து இறங்கியபோது, கியூபாவில் இருந்த டெக்சாகோ, எஸ்ஸோ, ஷெல் மூன்றும் அதைச் சுத்திகரிக்க மறுத்தன. அமெரிக்க அரசு அதைத்தான் விரும்பியது. கியூபா சுத்திகரிப்பு ஆலைகளைக் கையகப்படுத்தியது. ஜூலையில் ஐசனோவர் அந்த ஆண்டுக்கு மீதமிருந்த 7 லட்சம் டன் சர்க்கரை ஒதுக்கீட்டை வெட்டினார். அந்த 7 லட்சத்தையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்றது மாஸ்கோ. ஓராண்டுக்கு முன்புவரை கியூபாவின் சர்க்கரையில் பாதிக்கு மேல் வாங்கிய நாடு விலகிக்கொள்ள, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த இன்னொன்று அந்த இடத்துக்கு வந்தது. காஸ்ட்ரோ தன் புரட்சியைச் சோஷலிசப் புரட்சி என்று வெளிப்படையாக அறிவித்தது அதற்கும் பிறகு, 1961 ஏப்ரலில்.

1962 அக்டோபர் ஏவுகணை நெருக்கடி உங்களுக்குத் தெரிந்த கதை. என் விவாதத்துக்கு அதில் வேண்டியது ஒன்றுதான். கியூபாவில் வைத்த சோவியத் ஏவுகணைகளைத் திரும்பப் பெறும் முடிவை சோவியத் தலைவர் குருஷ்சேவ் அமெரிக்க அதிபர் கென்னடியோடு பேசி எடுத்தார், காஸ்ட்ரோவிடம் கேட்கவில்லை. காஸ்ட்ரோ கொதித்துப்போனார். சமாதானம் பேச மறுபடியும் மிக்கோயானைத்தான் அனுப்பினார்கள். அவர் ஹவானாவில் இருக்கும்போது மாஸ்கோவில் அவருடைய மனைவி இறந்துபோனார். இறுதிச்சடங்குக்குக்கூடப் போகாமல் அவர் அங்கேயே தங்கிப் பேச்சைத் தொடர்ந்தார். கைப்பாவையைச் சமாதானப்படுத்த யாரும் இவ்வளவு மெனக்கெடமாட்டார்கள். அதற்குப் பிறகுதான் விலை இளகியது. 1964 ஜனவரியில் காஸ்ட்ரோ மாஸ்கோவில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 1965 முதல் 1970 வரை 240 லட்சம் டன், பவுண்டுக்கு 6 சென்ட் என்று நிலைவிலை வைத்தார்கள். பின்னால் சந்தை 2 சென்ட்டுக்கு இறங்கியபோது அந்த 6 சென்ட் பெரிய காப்பாக நின்றது. கியூபா அனுப்பியதோ ஒப்புக்கொண்டதைவிட மிகக் குறைவு. மாஸ்கோ முகம் சுளித்ததோடு சரி, ஒப்பந்தத்தை முறிக்கவில்லை.

விலை பற்றி அந்தக் காலத்தில் வெளிப்படையாகப் பேசியவர் சே குவேரா. 1965 பிப்ரவரியில் அல்ஜியர்ஸ் மாநாட்டில் அவர் எழுப்பிய கேள்வி இது: ஏழை நாடுகள் வியர்வை சிந்தி எடுத்த மூலப்பொருளை உலகச் சந்தை விலைக்கு வாங்கிக்கொண்டு, தானியங்கி ஆலையில் செய்த இயந்திரத்தை உலகச் சந்தை விலைக்கு விற்றால், அதை எப்படிப் பரஸ்பர நலன் என்பது? அப்படிச் செய்கிற சோஷலிச நாடுகளும் ஓரளவுக்குச் சுரண்டலின் உடந்தைதான் என்றார். மாஸ்கோவுக்கு இது கசந்தது. கியூபா திரும்பிய சே அதற்குப் பிறகு பொதுமேடையில் தோன்றவில்லை. ஆனால் பத்தாண்டு கழித்து நடந்ததைக் கவனியுங்கள். 1970களின் நடுவில் கியூபாவின் சர்க்கரை விலையை, கியூபா வாங்கும் எண்ணெய் முதலான பொருள்களின் விலையோடு கட்டிவைத்தது சோவியத். அவை ஏறினால் இதுவும் ஏறும். சே கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான். அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இடையில் ஒரு முறை மாஸ்கோ குழாயைக் கொஞ்சம் மூடிப் பார்த்தது. 1967இல் கியூபா லத்தீன் அமெரிக்காவெங்கும் கொரில்லாப் போருக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்த பழைய கம்யூனிஸ்ட் கட்சிகளையும் மாஸ்கோவின் நிதானத்தையும் கேலி செய்துகொண்டிருந்தது. சோவியத்திலிருந்து வரும் எண்ணெயின் அளவு கியூபாவுக்கு வேண்டிய அளவுக்கு உயரவில்லை. 1968 ஜனவரி 2 அன்று காஸ்ட்ரோ பெட்ரோலுக்கு ரேஷன் அறிவித்தார். அவர் அடங்கினாரா? அதே மாதம் கட்சிக்குள் மாஸ்கோ சார்பாக இயங்கியதாகச் சொல்லி ஆனிபால் எஸ்கலாந்தேயையும் அவர் கூட்டத்தையும் விசாரித்து, அவருக்கு 15 ஆண்டு சிறை கொடுத்தார். ஆனால் ஆகஸ்ட்டில் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தபோது, அது செக்கோஸ்லோவாக்கியாவின் இறையாண்மையை மீறிய செயல்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டே அதை ஆதரித்துப் பேசினார். எண்ணெய்க்காகப் பேசினார் என்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. ஒரு சோஷலிச நாடு கைவிட்டுப் போனால் மாஸ்கோ தலையிடும் என்பது, அமெரிக்காவுக்குத் தொண்ணூறு மைல் தள்ளி இருக்கிற ஒருவருக்கு ஒருவகையில் நல்ல செய்தி. 'எங்களுக்காகவும் இப்படி டாங்கி அனுப்புவீர்களா?' என்ற பொருளில் அந்தப் பேச்சிலேயே அவர் கேட்டும்வைத்தார்.

இனி வருவதை உங்கள் பெரியப்பா ரசிப்பார், ஏனென்றால் இது ஆலைக் கதை. புரட்சி வந்த புதிதில் கியூபாவின் கனவு கரும்பிலிருந்து விடுபடுவது. ஒற்றைப் பயிர்தான் அடிமைத்தனத்தின் வேர் என்று நம்பினார்கள். கரும்பை அழித்து வேறு பயிர் வைத்தார்கள், தொழிற்சாலைகளுக்குத் திட்டம் போட்டார்கள். 1961இல் 68 லட்சம் டன்னாக இருந்த சர்க்கரை 1963இல் 38 லட்சத்துக்கு விழுந்தது. அந்நியச் செலாவணி வற்றியது. 1963இல் சோவியத் பயணம் போய்வந்த காஸ்ட்ரோ, மறுபடியும் கரும்பு என்றார். அந்தத் திருப்பத்தின் உச்சம், 1970இல் ஒரு கோடி டன் என்ற இலக்கு. மாணவர், அலுவலகர், படைவீரர் என்று நாடே வயலில் இறங்கியது. 1969 கிறிஸ்துமஸை ஜூலைக்குத் தள்ளிவைத்தார்கள். சோவியத் பாதுகாப்பு அமைச்சர் மார்ஷல் கிரெச்கோகூட வந்து கத்தி பிடித்துக் கரும்பு வெட்டிவிட்டுப் போனார். (அவர் வெட்டிய கட்டில் எவ்வளவு சோகை, அதாவது காய்ந்த கரும்புத் தோகை, சேர்ந்து வந்திருக்கும் என்று பெரியப்பாவிடம் கேளுங்கள்.)

வெட்ட ஆள் இருந்தது, ஆலைதான் திணறியது. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் அரைக்காவிட்டால் சாற்றில் சர்க்கரைச் சத்து இறங்கிவிடும். பழைய ஆலைகள் அடிக்கடி நின்றன, விரிவுபடுத்திய ஆலைகள் நேரத்துக்கு ஓடவில்லை, பழக்கமில்லாத கைகள் வெட்டிய கரும்பு காத்துக்கிடந்தது, ரிக்கவரி, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம், சரிந்தது. கடைசியில் 85 லட்சம் டன் வந்தது. கியூபா அதுவரை கண்டிராத அளவு அது, ஆனாலும் தோல்வி. மற்ற துறைகளிலிருந்து ஆளையும் லாரியையும் உருவிக் கரும்பில் போட்டதால் அங்கெல்லாம் உற்பத்தி படுத்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 26 புரட்சி நாள் கூட்டத்தில் காஸ்ட்ரோ தோல்வியைத் தன் தலைமையின் மேல் ஏற்றுக்கொண்டு பேசினார்.

சோவியத்தின் திட்ட முறை கியூபாவுக்குள் உண்மையில் நுழைந்தது அதற்குப் பிறகுதான். 1972 ஜூலையில் கியூபா, சோவியத் தலைமையிலான சோஷலிச நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான கோமெகானில் சேர்ந்தது. அந்த டிசம்பரில் பழைய கடன்களின் தவணை 1986 வரைக்கும் தள்ளிப்போடப்பட்டது, வட்டியும் இல்லை. சோவியத் உதவியோடு ஒல்கின் நகரில் கரும்பு அறுவடை இயந்திரத் தொழிற்சாலை வந்தது. 1980களின் கடைசியில் கரும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இயந்திரமே வெட்டியது. வெயிலில் கத்தியோடு நாள் முழுக்கக் குனிந்து நின்ற ஒரு வர்க்கமே அந்த வேலையிலிருந்து எழுந்து வந்தது. பெரியப்பாவின் தோழமைக்கு ஏதாவது ஒரு சான்று கொடுக்கச் சொன்னால் நான் கொடுப்பது இதைத்தான். கூடவே பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் சொல்வேன். கல்வியிலும் மருத்துவத்திலும் கியூபா எட்டிய உயரம் அவர்கள் சொந்த உழைப்புதான், ஆனால் அதற்கு மூச்சு விடும் இடம் கொடுத்தது இந்தச் சர்க்கரை விலை.

அதே விலைதான் அவர்களைக் கட்டியும் போட்டது. சர்க்கரைக்கு எங்கும் கிடைக்காத விலை ஓரிடத்தில் கிடைக்கும்போது, கரும்பை விட்டு வேறு எதற்கும் போக எந்தத் திட்ட அதிகாரிக்கும் மனம் வராது. 1980களிலும் கியூபாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு சர்க்கரை. புரட்சிக்கு முன்பும் கிட்டத்தட்ட அதே நிலைதான். வணிகத்தில் எழுபது சதவீதம் சோவியத்தோடு, மற்ற கோமெகான் நாடுகளையும் சேர்த்தால் எண்பதைத் தாண்டும். எந்த நோய்க்காகப் புரட்சி நடந்ததோ அந்த நோய்க்குச் சத்தான உணவு கொடுத்து வளர்த்த நண்பன் என்றுதான் சோவியத்தைச் சொல்லத் தோன்றுகிறது. மாஸ்கோ கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. அவர்களுக்குச் சர்க்கரை வேண்டும், இவர்களுக்கு எண்ணெய் வேண்டும், சோஷலிச நாடுகளுக்குள் வேலைப் பிரிவினை என்று அதற்கு ஒரு கோட்பாடும் இருந்தது.

எண்ணெய்க் கதை இன்னும் விநோதம். 1980களில் சோவியத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் எண்ணெய் வந்தது, உச்சத்தில் 1.3 கோடி. கோமெகானில் எண்ணெய் விலை என்பது உலகச் சந்தையின் முந்தைய ஐந்தாண்டு சராசரி. அதனால் விலை ஏறும் காலத்தில் வாங்குபவருக்கு லாபம். கியூபா தன் பங்கில் மிச்சம் பிடிப்பதை வெளியே டாலருக்கு விற்றுக்கொள்ள மாஸ்கோ அனுமதித்தது. 1980களின் நடுவில், சொல்லிக்கொள்ளும்படி எண்ணெய்க் கிணறு இல்லாத கியூபாவுக்குச் சர்க்கரையைவிட அதிக டாலரைக் கொண்டுவந்த சரக்கு எண்ணெய்! 1986இல் உலக எண்ணெய் விலை சரிந்தபோது, எண்ணெய் வள நாடுகளோடு சேர்ந்து கியூபாவும் அடிபட்டது. அந்த ஆண்டில்தான் மேற்கத்தியக் கடன்களைக் கட்டுவதைக் கியூபா நிறுத்தியது. ஒரு பொருளாதாரம் எவ்வளவு தூரம் இன்னொன்றின் நிழலாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இப்போது அங்கோலா. இதில் உங்கள் தம்பி சொல்வது தவறு. பனிப்போர்க் காலத்தில் மேற்கில் எல்லோரும் நம்பியதை அவனும் சொல்கிறான். 1975 அக்டோபரில் தென்னாப்பிரிக்க இனவெறி அரசின் படை அங்கோலாவுக்குள் புகுந்து தலைநகர் லுவாண்டாவை நோக்கி முன்னேறியது. நவம்பர் 11 அங்கோலாவின் விடுதலை நாள். அதற்கு ஒரு வாரம் முன்பு படை அனுப்ப முடிவெடுத்தது ஹவானா. மாஸ்கோவிடம் அனுமதி கேட்கவில்லை. பின்னால் வெளிவந்த ஆவணங்கள் இதை உறுதிசெய்கின்றன. அமெரிக்காவோடு பதற்றத் தணிப்பில் இருந்த சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கு இது தலைவலி. முதல் வீரர்களைக் கியூபாவின் சொந்தப் பழைய பிரிட்டானியா விமானங்கள்தான் சுமந்துபோயின. சோவியத் விமானங்கள் வந்து சேர்ந்தது 1976 ஜனவரியில்தான். அந்த நடவடிக்கைக்குக் கார்லோத்தா என்று பெயர். 1843இல் மத்தான்சாஸ் பகுதியில் ஒரு கரும்பு ஆலையில் அடிமைகளின் கலகத்தைத் தலைமையேற்று நடத்திய பெண்ணின் பெயர் அது. 1976இன் தொடக்கத்தில் அங்கோலாவில் 36,000 கியூப வீரர்கள் இருந்தார்கள்.

ஆனால் ஆயுதம் சோவியத்துடையது, அதற்கு மாஸ்கோ காசு வாங்கவில்லை. கியூபாவின் லாரிகளை ஓட்டியதும் சோவியத் எண்ணெய். அதாவது, முடிவு ஹவானாவுடையது, அப்படியொரு முடிவை நினைத்துப் பார்க்கும் தெம்பு மாஸ்கோ கொடுத்தது. 1977–78இல் எத்தியோப்பியாவின் ஓகாதென் போரில் நிலைமை வேறு. அங்கே இரு நாடும் முதலிலிருந்தே சேர்ந்து திட்டமிட்டன, சோவியத் தளபதிகளே போரை வழிநடத்தினார்கள். உங்கள் தம்பி எத்தியோப்பியாவைச் சொல்லியிருந்தால் இவ்வளவு அழுத்தி மறுத்திருக்கமாட்டேன்.

அரசியலில் கியூபா உண்மையாகவே விலை கொடுத்த இடம் ஆப்கானிஸ்தான். 1979 செப்டம்பரில் அணிசேரா நாடுகளின் மாநாடு ஹவானாவில் கூடி, காஸ்ட்ரோ அதன் தலைவரானார். ஐ.நா. பாதுகாப்புச் சபையின் லத்தீன் அமெரிக்க இடத்துக்குக் கொலம்பியாவோடு போட்டி. வாக்கெடுப்பு சுற்றுச்சுற்றாக, நூற்றைம்பதையும் தாண்டி இழுத்தது. பெரும்பாலான சுற்றுகளில் கியூபாதான் முன்னிலை. டிசம்பர் கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள், ஓர் அணிசேரா நாட்டுக்குள், நுழைந்தது. கியூபா போட்டியிலிருந்து விலகியது, இடம் மெக்சிகோவுக்குப் போயிற்று. 1980 ஜனவரியில் படையை வெளியேறச் சொன்ன பொதுச்சபைத் தீர்மானத்தை 104 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த 18இல் அணிசேரா இயக்கத்தின் தலைமை நாடும் ஒன்று. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. காஸ்ட்ரோவுக்கு அந்த ஒதுங்கும் வசதிகூட இல்லை.

'எழுந்துபோன நாற்காலி' என்ற உவமையில் ஒரு முக்கியமான வேறுபாடு காணாமல் போகிறது. 1959க்கு முன் கியூபாவின் பெரிய ஆலைகளிலும் நிலத்திலும் கணிசமான பங்கும், மின்சார, தொலைபேசி நிறுவனங்களும் அமெரிக்கர்களுக்குச் சொந்தம். லாபம் வெளியே போயிற்று. சோவியத்துக்கு அங்கே ஒரு ஏக்கர் கரும்புகூடச் சொந்தமில்லை. அவர்கள் பெற்றது வேறு வகை: ஹவானாவுக்கு அருகே லூர்தேஸில் அமெரிக்கத் தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்கும் ஒரு பெரிய நிலையம், தீவில் ஒரு படைப்பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலாக அமெரிக்காவின் வாசலில் ஒரு சோஷலிச நாடு நிற்கிறது என்ற கௌரவம். அந்தக் கௌரவம்தான் கியூபாவின் பிடி. வாஷிங்டனால் ஒரு கையெழுத்தில் ஒதுக்கீட்டை வெட்ட முடிந்தது. மாஸ்கோவால் முடியவில்லை, கியூபா பட்டினியில் விழுந்தால் உலகத்தின் முன் முகம் இழப்பது மாஸ்கோதான். முப்பது ஆண்டுகள் காஸ்ட்ரோ அடிக்கடி முரண்டு பிடித்தும் எண்ணெய்க் கப்பல் வந்துகொண்டே இருந்ததற்கு இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்.

அந்த முகத்தைப் பற்றி மாஸ்கோ கவலைப்படுவதை நிறுத்திய நாளில் எல்லாம் முடிந்தது. 1989 ஏப்ரலில் கோர்பச்சேவ் ஹவானா வந்து 25 ஆண்டு நட்பு ஒப்பந்தம் போட்டார். அந்த ஜூலையிலேயே காமகுவேயில் காஸ்ட்ரோ, சோவியத் சிதறிப்போனாலும் நாங்கள் தொடர்வோம் என்று பேசினார், அன்று பலருக்கு அது மிகையாகப் பட்டிருக்கும். 1991இல் வணிகம் டாலருக்கும் சந்தை விலைக்கும் மாறியது, கோமெகான் கலைந்தது. செப்டம்பரில் கோர்பச்சேவ் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கியூபாவிலிருந்து படைப்பிரிவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1962இல் போலவே இப்போதும் ஹவானாவிடம் கேட்கவில்லை.

பிறகு நடந்தது தெரியும். 1989இல் சுமார் 810 கோடி டாலராக இருந்த இறக்குமதி 1993இல் 200 கோடி ஆயிற்று. பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. டீசல் இல்லாமல் அறுவடை இயந்திரங்கள் நின்றன, எருது பூட்டினார்கள், சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் சைக்கிள் வாங்கினார்கள். சியன்ஃபுவேகோஸ் அருகே ஹுராகுவாவில் கட்டிக்கொண்டிருந்த சோவியத் அணுமின் நிலையம் 1992 செப்டம்பரில் பாதியில் நின்றது. உங்கள் பெரியப்பா உண்டியல் குலுக்கியது இந்த நேரத்தில்தான். இந்தியக் கம்யூனிஸ்டுகள் அனுப்பிய 10,000 டன் கோதுமை கியூபாவின் பள்ளத்தை நிரப்பும் அளவல்ல. ஆனால் அன்று கடன் கொடுக்கக்கூட ஆள் இல்லாத நாடு அது. அதே பஞ்ச காலத்திலும் கியூபா செர்னோபில் கதிர்வீச்சில் பாதிக்கப்பட்ட குழந்தைகளை ஹவானாவுக்குக் கிழக்கே தராரா கடற்கரையில் தங்கவைத்து மருத்துவம் பார்த்தது. 1990இல் தொடங்கியது, சோவியத் மறைந்த பிறகும் நிறுத்தவில்லை. இருபதாண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் உக்ரைன் குழந்தைகள். கொடுக்கல் முழுக்க ஒரு பக்கம்தான் என்று தம்பி சொன்னால் இதையும் அவன் காதில் போட்டுவையுங்கள்.

கடைசியாகக் கடன். முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடைப் பற்று நோட்டில் எழுதுவதுபோல எழுதிக்கொண்டே போனார்கள், கொடுத்தவருக்கும் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை. சோவியத் போன பிறகு நோட்டு ரஷ்யாவின் கைக்கு வந்தது. கியூபா தரப்பின் வாதம்: நாங்கள் கடன் வாங்கிய நாடே இப்போது இல்லை, அந்த ரூபிளும் இல்லை, ஒப்பந்தங்களைத் திடீரென்று முறித்ததால் எங்களுக்கு ஏற்பட்ட இழப்பை யார் தருவது? இருபதாண்டு இழுபறிக்குப் பிறகு 2014இல் ரஷ்யா 3,520 கோடி டாலர் என்று மதிப்பிட்டு, அதில் 90 சதவீதத்தைத் தள்ளுபடி செய்தது. மீதியைப் பத்தாண்டுத் தவணையில் கட்ட வேண்டும், அந்தப் பணத்தையும் கியூபாவிலேயே முதலீடு செய்யலாம் என்று ஏற்பாடு. 2006க்குப் பிறகு ரஷ்யா கொடுத்த புதிய கடன்கள் தனி. அவற்றின் தவணையும் நின்றுபோய், 2027 வரை தள்ளிவைக்க ரஷ்ய நாடாளுமன்றம் 2022இல் ஒப்புதல் கொடுத்தது. நோட்டு மாறியிருக்கிறது, கொடுக்கல் முறை பெரிதாக மாறவில்லை.

சீனாவும் அல்பேனியாவும் இதே போன்ற உறவில் இருந்து, சண்டை போட்டுப் பிரிந்த கதை ஒன்று உண்டு. கியூபாவைவிடக் காட்டமானது. அதைத் தனியாக எழுதுகிறேன். பெரியப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்.